கழுதைப் படத்துக்கு ஆறரை

என்றும் என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. அப்படித்தான் எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ‘எல்லோரும்’ என்பதிலிருந்து இன்று சாயங்காலத்துக்குள் ஒருவரைக் கழிக்க வேண்டியிருக்கும்போல் தெரிவதால், இங்கே பெரும்பாலோர் சுகம் என்று திருத்திக்கொள்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் காது மெஷினைக் காதில் மாட்டிக்கொள்கிறாரா, இல்லை இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறாரா? அவருக்கு என் வணக்கத்தைச் சொல். கேட்கவில்லை என்றால் எழுதிக் காட்டு.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுகிறாய். அதுவும் பெரும்பாலும் எனக்கு எதிராகவே சொல்கிறாய். அது தவிர, நான் யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர் அடுத்த அறையில் இருக்கிறார். சுவரோ மெல்லிய சுவர். அவர் பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. என் பேனாச் சத்தம் அவருக்குக் கேட்காது என்று நம்பி எழுதுகிறேன்.

அவர் என்றால் நம் சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பா. கல்யாணத்தன்று நாற்காலி போதவில்லை என்று அவர் கூச்சல் போட்டபோது, “நின்னுக்கிட்டே இருந்தா காலுக்கு நல்லது, சும்மா இருங்க” என்று நீ ஓர் அதட்டல் போட்டாயே, அவரேதான். இந்த உலகத்தில் அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீ என்பதால்தான் இந்தக் கடிதமே. ஆயுள் முழுக்க வெங்காய மண்டி நடத்தியவர். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியதால், குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட ஏலம் விடுவது போலத்தான் இருக்கும். நானோ, உனக்குத் தெரியும், தேர்வுத் துறையில் மறுகூட்டல் பிரிவில் இருந்தவன். யாரோ எழுதிய விடைத்தாளில் யாரோ போட்ட மதிப்பெண்களை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் சரி என்று ஓரத்தில் கையெழுத்துப் போடுவது. அவ்வளவுதான் என் உத்தியோகம். ஓய்வு பெறும்வரை ஒரு மாணவனுக்கும் நானாக அரை மதிப்பெண் போட்டது கிடையாது. அந்த அதிகாரம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பேன் என்பதையும் நீ அறிவாய்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். இரண்டு பேருக்கும் மனைவி இல்லை. சாப்பிட்டுவிட்டுச் சோபாவின் இந்த ஓரத்தில் நானும் அந்த ஓரத்தில் அவரும் உட்காருவோம். “வெயில் ஜாஸ்தி” என்பார். “ஆமாம்” என்பேன். அதற்கு மேல் பேச்சு நகராது. மழைக் காலத்தில் “மழை ஜாஸ்தி” என்பார். இரண்டு பெரிய மனிதர்கள் இப்படி ஊமைக் கோட்டான்களாக உட்கார்ந்திருப்பதைக் காணச் சகிக்காமல், மாப்பிள்ளை ஆபீஸ் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பென் டிரைவ் வாங்கிவந்து டிவிக்குப் பின்னால் சொருகினார். உள்ளே அத்தனையும் பழைய கௌபாய் படங்கள். பாதி கறுப்பு வெள்ளை. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். “சும்மா ஓடட்டும் மாமா, ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்” என்றார்.

முதல் படத்தில் ஒரு கட்டடத்தின் மேல் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்ன என்று சம்பந்தி கேட்டார். சலூன் என்றேன். அவர் வெகுநேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனவர்கள் குடித்தார்கள், சீட்டாடினார்கள், நாற்காலியால் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் தாங்க முடியாமல், “என்ன சம்பந்தி, சலூன்னு போர்டு போட்டிருக்கான், ஒருத்தனும் முடி வெட்டிக்கலையே!” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் இவர்கள் பேசுவது நான் படித்த ஆங்கிலம் இல்லை. பல்லில் எதையோ கடித்துக்கொண்டு மூக்கு வழியாகப் பேசுகிறார்கள். அதை நான் காதில் வாங்கி, மனசுக்குள் சரிபார்த்து, பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்துச் சொல்வேன். “அவன் என்ன சொல்கிறான் என்றால், நீ இந்த ஊரைவிட்டுப் போகாத பட்சத்தில் அதற்குரிய விளைவுகளை...” என்று நான் ஆரம்பித்தால், “சம்பந்தி, நீங்க விளைவைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரு செத்துட்டான்” என்பார். பிறகு அவரே ஒரு முறை கண்டுபிடித்தார். ஆள் வாயைத் திறந்ததும் முகத்தைப் பார்த்து இவரே ஒரு வசனம் சொல்வார். நான் சரியா தப்பா என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆக, இங்கேயும் எனக்குச் சரிபார்க்கிற வேலைதான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மதிப்பெண் போடலாம் என்று சொன்னது நான்தான். அதனால் மூல காரணம் நானே என்பதை இந்த இடத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த முறையில் ஐந்து தலைப்புப் பிரித்தேன். தலைப்புக்கு இரண்டு மதிப்பெண். குதிரை, குண்டு, தொப்பி, நியாயம், முடிவு. பகல் முழுக்க ஓடின குதிரைக்கு யாராவது தண்ணீர் காட்டுகிறார்களா என்று பார்ப்பேன். ஆறு குண்டு பிடிக்கிற துப்பாக்கியில் ஏழாவது வெடித்தால் கழிவு. கட்டிப் புரண்டு, ஆற்றில் விழுந்து, எழுந்து வந்த பிறகும் தொப்பி தலையிலேயே இருந்தால் அதற்கும் கழிவு. செத்தவன் சாக வேண்டியவன்தானா என்பது நியாயம். முடிவு என்றால் முடிவு. சம்பந்திக்கு இந்தத் தலைப்பெல்லாம் கிடையாது. “ஒரு மூட்டையில கையை விட்டா லோடு முழுசும் தெரிஞ்சிடும் சம்பந்தி. நீங்க ஒவ்வொண்ணா உரிச்சுப் பாக்குறீங்க. வெங்காயத்தை உரிச்சா கடைசியில என்ன இருக்கும்? கண்ணுல தண்ணிதான் இருக்கும்” என்பார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மூன்று, ஐந்து என்று ரகம் பிரித்துவிடுவார். ஆனாலும் மனுஷன் கறார். எட்டுக்கு மேல் ஏறினதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் மகள் வீட்டுச் சாமான் எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் பாதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பால், சலவைத் தூள் என்று இந்தப் பக்கம் இருந்தால், அந்தப் பக்கம் ‘ஒற்றைக்கண்ணன் படம்’, ‘மொட்டைப் பாறைப் படம்’ என்று சம்பந்தி சூட்டிய பெயர்களும், இரண்டு பேரின் மதிப்பெண்களும் இருக்கும். படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தொப்பிக்காகச் சண்டை போடுவோம். அக்கா, நான் சண்டை போட்டேன்! எதிர்த்துப் பேசினேன்! “இல்லை சம்பந்தி, அது உங்கள் அபிப்பிராயம்” என்று ஒரு நாள் குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, அப்புறம் பயந்துபோய்க் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தபோது எனக்கும் சேர்த்து இன்னொரு கோப்பை தேநீர் போட்டு வைத்திருந்தார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கழுதைப் படம் வந்து சேர்ந்தது. பாலைவனத்தின் நடுவே தபால் வண்டிக்குக் குதிரை மாற்றிக் கொடுக்கிற ஒரு சாவடி. ஒரு கிழவன், அவனுக்கு ஒரு கோவேறு கழுதை, வேறு யாரும் இல்லை. குண்டடி பட்ட ஒருவன் வந்து விழுகிறான். கிழவனுக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவனுக்கும் கிழவனைப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து வைப்பதா மூடுவதா, விளக்கு எரியட்டுமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் சண்டை. திட்டிக்கொண்டே கிழவன் அவன் வாயில் சூப்பு ஊற்றுகிறான். தேடி வந்தவர்கள் வாசலில் நிற்கும்போது, குண்டே இல்லாத துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, இங்கே என்னையும் கழுதையையும் தவிர யாரும் இல்லை என்கிறான். உடம்பு தேறினதும் அந்த ஆள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுகிறான். கிழவன் வைதுகொண்டே போய்க் கதவைச் சாத்துகிறான். படம் முழுக்கக் கிரீச் கிரீச் என்று கத்தின கதவு இப்போது கத்தவில்லை. போகிறவன் கீலைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான் படம்.

சம்பந்தி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கண்ணில் மட்டும் தூசி விழுந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்த தினம் அது. அவர் எழுந்து போய்ப் பலகையில் பத்து என்று எழுதினார். வாழ்நாளில் அவர் போட்ட முதல் பத்து. பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் பத்து என்று எழுதிவிட்டேன். தலைப்பு பிரிக்கவில்லை, கூட்டவில்லை, எதுவும் செய்யவில்லை. கை பாட்டுக்கு எழுதிவிட்டது.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போட்ட பத்து நான் போட்டதுதானா, இல்லை, பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துப் போட்டதா? பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவதற்குப் பெயர் என்ன? சம்பந்தி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள மாப்பிள்ளையுடன் பல் டாக்டரிடம் போன அன்று, நான் தனியாக உட்கார்ந்து அந்தப் படத்தை மறுமதிப்பீடு செய்தேன். முறைப்படி செய்தேன். குதிரை: தண்ணீர் எடுக்கப் போகும்போது ஓடையைக் கடக்கும்வரை கழுதையின் முன்னங்கால் ஒன்று வெள்ளை, கடந்த பிறகு கறுப்பு. இரண்டு கழுதையை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஒன்று. குண்டு: ஒன்று. தொப்பி ஒன்றரை, நியாயம் ஒன்றரை, முடிவு ஒன்றரை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகக் கூட்டினேன். ஆறரை. என் பத்தை அழித்துவிட்டு ஆறரை என்று எழுதினேன். அவர் பத்தை நான் தொடவில்லை அக்கா, அதைக் குறித்துக்கொள்.

கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சோடு சம்பந்தி வீட்டுக்கு வந்தார். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, விரலால் ஆறரையைத் தொட்டுக் காட்டினார். வாய் திறக்க முடியாத மனிதருக்கு நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அது எத்தனை பெரிய தப்பு என்று இப்போது புரிகிறது. அப்போது, குறுக்கே பேச ஆளில்லாததால், எனக்கு ஒரு சரளம் வந்துவிட்டது. தலைப்பு தலைப்பாகச் சொன்னேன். கழுதைக்காக டிவியைப் போட்டு, நிறுத்தி, வெள்ளைக் காலையும் கறுப்புக் காலையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவர் “ம்ம்” என்றார். ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்து மேலும் சொன்னேன். இன்னும் பலமாக “ம்ம்ம்” என்றார். பஞ்சை எடுத்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்: “கழுதையோட காலைப் பாத்தீங்களா, கெழவனோட மூஞ்சியைப் பாத்தீங்களா?” இரண்டாவது: “பெரியவனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க.” அவர் கண்ணாடி எங்கோ இருந்ததால் நான்தான் எண்ணைத் தேடி அழுத்திக் கொடுத்தேன். “அப்பா வரேன்டா, வந்து கூட்டிட்டுப் போ” என்று என் கையில் இருந்த போனிலேயே சொன்னார்.

பெரியவன் என்பது மாப்பிள்ளையின் அண்ணன். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த வீட்டில் டிவி பேரப்பிள்ளைகளின் வசம். பேசும் பூனையும் பேசும் மீனும்தான் நாள் முழுக்க ஓடுமாம். சம்பந்தி அங்கே போய் யார் முகத்தைப் பார்த்து வசனம் சொல்வார்? சரியா தப்பா என்று யார் சொல்வார்கள்? இதை நினைத்துத்தான், எனக்காக இல்லை அக்கா, அவருக்காகத்தான், நான் சில முயற்சிகள் செய்தேன். முதலில், அவர் குளிக்கப் போயிருந்தபோது ஆறரையை அழித்து ஏழு என்று எழுதினேன். வந்து பார்த்துவிட்டு, “பிச்சையா போடுறீங்க?” என்றார். சரி, மறுபடி ஆறரை ஆக்கினேன். “ஓ, அதையும் புடுங்கிட்டீங்களா?” என்றார். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பிறகுதான் எங்கள் துறையின் விதி நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் போட்ட மதிப்பெண்ணுக்கு நடுவே வித்தியாசம் அதிகமாக இருந்தால் தாளை மூன்றாமவரிடம் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மாமனார். பாவம், மத்தளத்துக்காவது அடித்தால் கத்த உரிமை உண்டு. கிழவனின் கதவு இரண்டாவது தடவை கத்துவதற்குள் அவர் குறட்டை அதை அமுக்கிவிட்டது. எழுப்பிக் கேட்டோம்.

“நல்லா இருக்கு” என்றார்.

“எது நல்லா இருக்கு?” என்று சம்பந்தி அதட்டினார்.

“எல்லாமே. அப்பா சொல்றதும் நல்லா இருக்கு, மாமா சொல்றதும் நல்லா இருக்கு.”

“படத்தைச் சொல்லுடா!”

“படமும்தான்ப்பா” என்று சொல்லிவிட்டு, ஆபீசிலிருந்து போன் வருவதாகப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். போன் மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக மகளைக் கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

“ஏம்ப்பா, இந்தப் படம் முழுக்க ஒரு பொம்பளைகூட வரலையே?” என்றாள்.

“அது ஒரு சாவடி அம்மா, பாலைவனம்...”

“பாலைவனத்துல பொம்பளைங்க இருக்க மாட்டாங்களா? அந்தக் கெழவன் எங்கேருந்து பொறந்தான்? முட்டை!” என்று சொல்லிப் பலகையில் பெரிதாக ஒரு சுழி போட்டாள். சம்பந்தி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகி, குரங்கும் கோபித்துக்கொண்டு போன கதை.

அவர் போன பிறகு மகள் என்னைப் பார்த்தாள். உன்னைப்போலவே பார்ப்பாள் அவள், உன் ஜாடை. “அப்பா, மாமாவுக்கு மார்க்கு ஒரு விஷயமே இல்லப்பா. ஆறு போட்டா என்ன, அறுபது போட்டா என்ன? மனுஷன் பல்லு புடுங்கிட்டு வலியோட வீட்டுக்கு வராரு. நீங்க அவரை விட்டுட்டுத் தனியா படம் பாத்திருக்கீங்க. அதுவும் அந்தப் படத்தை” என்றாள்.

அக்கா, இத்தனை நாளும் நான் தப்பான கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று மத்தியானம், மகளும் மாப்பிள்ளையும் வீட்டில் இல்லாத சமயம் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் வரி வரியாகத் தயார் செய்துகொண்டேன். ‘சம்பந்தி, நான் செய்தது தவறு, நீங்கள் போக வேண்டாம்’ என்பதுதான் மொத்தச் சாரம். கதவைத் தட்டி உள்ளே போனேன். கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ எதிர்பார்ப்பதுபோல் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. என் வாயில் வந்தது: “சோப்பு டப்பா எடுத்து வைத்துக்கொண்டீர்களா?” அவர் பெட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, “இல்ல” என்றார். போய் எடுத்து வந்தேன். எடுத்து வந்தவன் சும்மா இருந்தேனா? சட்டைகளைச் சுருட்டித் திணித்திருந்தார். அப்படி வைத்தால் கசங்குமே என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து, கனமானதை அடியிலும் மெல்லியதை மேலுமாக அடுக்கி, மாத்திரைகளை வெளிப்பையில் வைத்து, சார்ஜர் வயரைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் கிடந்த அவர் கண்ணாடியையும் கண்டுபிடித்துக் கூட்டில் போட்டு வைத்துவிட்டேன். மூடாமல் முரண்டு பிடித்த பெட்டி ஒரு இழுப்பில் மூடிக்கொண்டது. “ரொம்ப உதவி சம்பந்தி” என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. சாதாரண மனிதர்கள் பேசுகிற குரல். ஒரு மனிதரைப் போகாதீர்கள் என்று சொல்லப் போய், அவரை அனுப்பி வைப்பதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கேட்கிற ஜிப் சத்தம், நான் சரியாகத்தான் அடுக்கினேனா என்று அவர் சரிபார்க்கிற சத்தமாக இருக்கும்.

ஆகையால் உன்னிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர் பெரிய மகன் வீட்டில் இருப்பார். நீ அங்கே போன் போட்டு, கல்யாண வீட்டில் போட்டாயே, அதே குரலில் ஓர் அதட்டல் போட வேண்டும். ‘என் தம்பி சொல்லத் தெரியாதவன், நீங்க கேக்கத் தெரியாதவர், மரியாதையா திரும்பிப் போங்க’ என்று சொன்னால் போதும். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. அல்லது சொல், எது நல்லது என்று உனக்கே தோன்றுமோ அது. என் ஆறரையைப் பத்தாக மாற்றினால் அது நேர்மையா என்றும் உன் அபிப்பிராயம் வேண்டும். நேர்மை இல்லை என்றாலும் மாற்றிவிடலாம் என்ற நிலைக்கு நான் வந்துவிட்டேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அத்தானை வெயிலில் அலைய விடாதே. நீயும் மாடிப்படி ஏறாதே. உன் பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். யார் எந்த வகுப்பு என்பது எனக்குக் குழம்பிவிட்டதால் எல்லோருமே தேர்ச்சி பெற வேண்டும் என்று பொதுவாக வாழ்த்துகிறேன். எல்லா நலமும் உன் வீட்டில் தங்கட்டும்.

உன் அன்புக்கும் அதட்டலுக்கும் எந்நாளும் கட்டுப்பட்ட,
தம்பி

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்யாதே. போன் போடாதே. உறையில் போட்டு ஒட்டுவதற்குள் சம்பந்தி கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டார்.

“யாருக்கு லெட்டரு? உங்க அக்காவுக்கா?”

“ஆமாம்.”

“என்னைப் பத்தியா?”

எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். ஆமாம் என்றேன். “படிங்க. கண்ணாடியைத்தான் நீங்க பெட்டிக்குள்ள பூட்டிட்டீங்களே” என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். முழுவதையும் படித்தேன். ஏலம் விடுகிற குரல் என்று எழுதியதை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்து, அதையும் படித்தேன். சோப்பு டப்பா வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் சொன்ன இடம் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார்:

“கழுதை காலை நானும் பாத்தேன் சம்பந்தி. அன்னிக்கே பாத்தேன்.”

“நீங்கள் சொல்லவே இல்லையே?”

“நீங்க தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல போயி கழுதைக்குக் காலு கறுப்பாயிடிச்சின்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

தூசி என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரியை அடித்துப் படித்துக்கொள். பிறகு நான் சொல்லிவிட்டேன் அக்கா. “இருங்களேன்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். “எப்படி இருக்கறது? பெரியவன் லீவு போட்டுட்டு பாதி வழி வந்துட்டான். மருமக ரூமை ஒழிச்சு வச்சிருக்கா. போய்த்தான் ஆகணும்” என்றார். கதவுவரை போனவர் திரும்பி, “நீங்க மட்டும் இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க?” என்றார். மதிப்பெண்ணை மாற்ற வேண்டாமாம். ரெண்டு பேரும் பத்துன்னு போட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு என்கிறார். என் பெட்டியை அவரே கட்டினார். என் சட்டைகளை மூட்டையில் திணிப்பதுபோல் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து மூடினார். ஒன்றுமே எனக்குக் கைக்குக் கிடைக்கப்போவதில்லை. மகளுக்குப் போனில் சொன்னதற்கு, நாங்கள் திரும்பி வருகிறவரை சோபாவின் இரண்டு ஓரமும் தனக்குத்தான் என்று சந்தோஷமாகச் சொன்னாள்; ஆனால் போனை உடனே வைக்கவில்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். இவ்வளவு நீளமாக எழுதியதை வீணாக்குவானேன், அனுப்புங்க என்கிறார் சம்பந்தி.

இதை எழுதும்போதே கீழே கார் வந்து நின்று, பெரிய மகன் மேலே வந்துவிட்டார். ஹாலில் இரண்டு பெட்டிகளைப் பார்க்கிறார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். “அப்பா, இவ்வளவு சாமானா உங்களுக்கு?” என்கிறார். நானும் கூட வருகிற விஷயத்தை அவருக்கு இன்னும் யாருமே சொல்லவில்லை. அத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு, சம்பந்தி செருப்பைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டு நிமிரவே மாட்டேன் என்கிறார். ஆகவே அக்கா, பேனாவை மூடிவிட்டு எழுந்து போய் நான்தான் சொல்லப்போகிறேன்.